சேற்றுக்குள் தெரியும் முகங்கள்: போரும் மிகுபுனைவும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையின் கடைசி வகுப்பறையில், மாதத்துக்கு இரண்டு ஞாயிறு கூடி வாசிக்கிறோம். உயர்தர வகுப்புப் பிள்ளைகள்தான் அதிகம். கொழும்பில் கடை வேலை செய்துவிட்டு லீவில் வந்தவர்கள் ஒன்றிரண்டு பேரும் பின் வாங்கில் வந்து உட்காருவார்கள். சில மாதங்களாக ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' என்ற மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல் ஓடுகிறது. நான் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வாசிப்பேன், பிறகு தமிழில் சொல்வேன், பிறகு வாக்குவாதம். ஆள் மாற்றி ஆள் அதே கேள்விகளைக் கேட்பதால், இதுவரை சொன்ன பதில்களை எழுதி வைக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: உலகத்தையே அடிமையாக்கும் மோதிரம் ஒன்று இருக்கிறது. சௌரோன் என்ற தீயவன் கைக்கு அது போவதற்குள், அது உருவான எரிமலையிலேயே போட்டு அழிக்க வேண்டும். சுமந்து போகிறவன் ஃப்ரோடோ என்ற குள்ள உருவம் கொண்ட ஹாபிட். கூடவே போகிறவன் அவனுடைய தோட்டக்காரன் சாம்.

டோல்கீன் உண்மையிலேயே போருக்குப் போனவரா?

போனவர்தான். 1916 ஜூன் மாதம், கல்யாணம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, பிரான்ஸுக்குக் கப்பலேறினார். வயது 24. லங்காஷயர் ஃபியூசிலியர்ஸ் படையின் 11ஆவது பட்டாலியனில் சிக்னல் அதிகாரி. அவர் போய் இறங்கிய சில வாரங்களில் சொம் நதிப் பக்கத்துப் பெரும் சண்டை தொடங்கியது. முதல் நாளான ஜூலை 1 அன்று மட்டும் பிரித்தானியத் தரப்பில் ஏறத்தாழ 57,000 பேர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். அதில் இறந்தவர்கள் 19,000 பேருக்கு மேல். டோல்கீனின் பட்டாலியன் ஜூலை நடுவில் சண்டைக்குள் இறங்கியது. அக்டோபர் கடைசியில் அவருக்குப் பதுங்குகுழிக் காய்ச்சல் வந்தது. பேன் மூலம் பரவுகிற நோய். நவம்பரில் கப்பலில் ஊர் திரும்பினார், மறுபடி போர்முனைக்குப் போகவே இல்லை. 1918 மே மாதம் அந்தப் பட்டாலியன் கிட்டத்தட்ட முழுதாக அழிந்தது. ஒரு பேன் கடித்திருக்காவிட்டால் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு எதையோ வாசித்துக்கொண்டிருப்போம்.

ஆனால் எண்களைவிட முக்கியமானது நான்கு பையன்களின் கதை. பர்மிங்ஹாமில் பள்ளிக்கூட நூலகத்துக்குள் திருட்டுத்தனமாகத் தேநீர் போட்டுக் குடித்து, கவிதை பேசி, தங்களுக்கே 'டீ கிளப்' என்று பெயர் வைத்துக்கொண்ட கூட்டத்தின் நடுநாயகங்கள் அவர்கள். (அந்தத் தேயிலை எந்த மலையில் கிள்ளியதோ என்று இங்கே ஒரு பிள்ளை கேட்டாள். எனக்கும் அதே யோசனை வந்திருந்தது.) ராப் கில்சன் ஜூலை 1 அன்றே இறந்தார். ஜெஃப்ரி ஸ்மித் டிசம்பர் 3 அன்று ஷெல் துண்டு பட்ட காயத்தால் இறந்தார். இருவருக்கும் வயது 22. மிஞ்சியவர்கள் டோல்கீனும் கிறிஸ்டோபர் வைஸ்மனும்தான். இறப்பதற்குப் பத்து மாதம் முந்தி ஸ்மித் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. தான் இல்லாமல் போய்விட்டால், தான் சொல்ல முயன்றதையெல்லாம் நீ சொல்ல வேண்டும் என்று டோல்கீனிடம் கேட்கிறார். அப்படி ஒரு கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் சும்மா இருக்க முடியுமா?

பதுங்குகுழியில் உட்கார்ந்தே கதை எழுதினாராமே?

இதற்கு அவரே இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார். 1944இல் மகனுக்கு எழுதிய கடிதத்தில், அழுக்குப் பிடித்த கன்டீனிலும், கூடாரத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும், ஷெல் விழும் குழிகளிலும்கூடக் கொஞ்சம் எழுதியதாகச் சொல்கிறார். பிற்காலத்தில் கேட்டபோது, அதெல்லாம் சும்மா கதை, கடித உறையின் முதுகில் ஏதாவது கிறுக்கிப் பைக்குள் சொருகலாம், அவ்வளவுதான் என்றிருக்கிறார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஒழுங்காக எழுத உட்கார்ந்தது ஊர் திரும்பிய பிறகு, நோயாளியாகப் படுத்திருந்த நாட்களில்தான். அப்போது எழுதியது கொண்டோலின் என்ற ஒளித்து வைக்கப்பட்ட நகரத்தின் வீழ்ச்சி. அந்த முதல் வடிவத்தில், வயிற்றுக்குள் ஆட்களை ஏற்றிக்கொண்டு நகர்ந்து வரும் இரும்பு மிருகங்கள் நகரத்தைத் தாக்குகின்றன. போர் டாங்கி உலகத்தில் முதன்முதலாக ஓடியது அதே சொம் சண்டையில், 1916 செப்டம்பர் 15இல். பிறகு எழுதிய வடிவங்களில் அந்த இரும்பு மிருகங்கள் இல்லை. காய்ச்சல் சூட்டில் வந்தது, சூடு ஆறியதும் போய்விட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியென்றால் போரில் நடந்ததைத்தான் வேறு பெயரில் எழுதினாரா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிப்பேன் என்கிறவர்கள் இதை வாசியுங்கள்.

1960இல் ஒரு கடிதத்தில் அவர் சொல்கிறார்: இரண்டு உலகப் போரில் எதுவும் கதையின் ஓட்டத்தை மாற்றியதாகத் தனக்குத் தோன்றவில்லை. நிலக்காட்சியில் ஒருவேளை இருக்கலாம். பிணச் சதுப்பும் அதைத் தாண்டி வரும் பாழ்நிலமும் சொம் சண்டைக்குப் பிந்திய வடபிரான்ஸுக்குக் கொஞ்சம் கடன்பட்டவை. அதற்கடுத்த வரியிலேயே, பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர் வில்லியம் மொரிஸின் கதைகளுக்கு அவை இன்னும் அதிகம் கடன்பட்டவை என்றும் சேர்த்துவிடுகிறார். இந்த இரண்டாவது வரியைப் பலர் விட்டுவிட்டு முதல் வரியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு இரண்டும் வேண்டும். எழுத்தாளனுக்குள் போர் தனியாகப் போய் உட்காருவதில்லை. அவன் ஏற்கெனவே வாசித்த கதைகள் அங்கே இருக்கின்றன. சேறு அவற்றின் மேல் வந்து படிகிறது.

பிணச் சதுப்பு என்றால் என்ன? ஃப்ரோடோவும் சாமும் ஒரு சேற்று நிலத்தைக் கடக்கிறார்கள். தண்ணீருக்கு அடியில், என்றோ ஒரு போரில் செத்தவர்களின் முகங்கள் தெரிகின்றன. பெருமிதமான முகம், சோகமான முகம், தீய முகம் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. ஷெல் விழுந்த குழிகளில் மழைத்தண்ணீர் நிறைந்து, அதற்குள் ஆட்கள் கிடந்த இடத்தில் மாதக்கணக்கில் நடமாடியவர் எழுதிய பக்கம் அது.

இந்தப் பகுதியை வாசிக்கும் முன் விளக்கம் சொல்லத் தயாராகப் போயிருந்தேன். தேவைப்படவில்லை. மழை பொய்த்த வருடங்களில் மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றினால், தண்ணீருக்குள் போன பழைய மஸ்கெலியாவின் கோவில் மேலே வரும். பிள்ளைகள் எல்லாரும் போய்ப் பார்த்திருக்கிறார்கள், சுவரைத் தொட்டும் இருக்கிறார்கள். நான் வாசித்து நிறுத்தியதும் ஒரு பையன் மெதுவாக, "தண்ணிக்குள்ள ஆளுங்க இருந்த ஊரு டீச்சர்" என்றான். நம்முடைய நீர்த்தேக்கத்துக்கும் போருக்கும் சம்பந்தமில்லை, அது மின்சாரத்துக்காக நடந்தது. ஆனால் கண்ணுக்குப் பழகிய ஒரு நிலம் கற்பனைக்குள் எப்படிப் போய் உட்காருகிறது என்று கேட்டால், இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மோதிரம் என்பது அணுகுண்டுதானே?

இல்லை. மோதிரம் பற்றிய முக்கிய அத்தியாயம் 1939க்கு முன்பே எழுதியாகிவிட்டது. குண்டு விழுந்தது 1945 ஆகஸ்டில். தன் கதை இரண்டாம் உலகப் போரின் உருவகமாக இருந்திருந்தால், நல்லவர்கள் மோதிரத்தைப் பறித்துச் சௌரோனுக்கு எதிராகவே பாவித்திருப்பார்கள், அவனுடைய கோட்டையை இடிக்காமல் தாங்களே குடியேறியிருப்பார்கள் என்று இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவர் எழுதியிருக்கிறார். வெற்றி பெற்றவர்களைப் பார்த்து இதைவிடக் கசப்பாக யாரும் எழுதிவிட முடியாது.

சாம் எதற்கு எடுத்ததற்கெல்லாம் 'மாஸ்டர், மாஸ்டர்' என்கிறான்? தோட்டத்துத் தொரைமாரைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதே?

அடிக்கடி வருகிற கேள்வி. கொழும்பில் இருக்கும் வாசகர்கள் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை, இங்கேதான் கேட்கிறார்கள்.

அந்தக் காலத்துப் பிரித்தானிய இராணுவத்தில் ஒவ்வொரு அதிகாரிக்கும் பணிவிடை செய்ய ஒரு சிப்பாய் இருப்பான். தேநீர் போடுவது, படுக்கை விரிப்பது, பூட்ஸ் துடைப்பது அவன் வேலை. நம் பங்களா அப்புவைப் போல, ஆனால் குண்டுமழைக்குள். சாம் அந்தச் சிப்பாய்களின் சாயல்தான் என்று டோல்கீனே சொல்லியிருக்கிறார். அவர்களைத் தன்னைவிட எவ்வளவோ மேலானவர்களாகக் கண்டதாகவும் சொல்கிறார்.

சரி, அது நல்ல மனசு. ஆனாலும் மேலானவன் கடைசிவரை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறான். என் தாத்தா ஒரு பங்களாவில் அப்புவாக இருந்தவர். தொரை ஊருக்குப் போகும்போது கட்டிப்பிடித்து அழுதாராம், போன பிறகு ஒரு கடிதம்கூட இல்லை. ஆகவே இந்த இடத்தில் எனக்கும் கொஞ்சம் எரியும். அதே சமயம் கதையைக் கவனியுங்கள்: எரிமலைச் சரிவில் நடக்க முடியாமல் விழுந்த எஜமானை முதுகில் தூக்கிப் போகிறவன் தோட்டக்காரன். ஊர் திரும்பிய பிறகு ஏழு தடவை மேயராகத் தெரிவாகிறவனும் அவன்தான். எஜமானுக்கு ஊரில் வாழவே முடியவில்லை. போர் டோல்கீனுடைய வர்க்கப் புத்தியை உடைக்கவில்லை, ஆனால் அதில் நல்லதொரு விரிசல் விட்டிருக்கிறது. என் தாத்தாவின் தொரை அந்த விரிசல்வரைகூட வந்ததில்லை.

வேறு எங்காவது போரின் அடையாளம் இருக்கிறதா?

இருக்கிறது. இது என் சொந்த ஊகம், ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. டோல்கீனின் வேலை செய்தி அனுப்புவது. தொலைபேசிக் கம்பி, விளக்கு, கொடி, புறா, எல்லாம் தோற்றால் கடைசியில் ஓடிப்போய்ச் சொல்லும் ஆள். ஷெல் விழுந்தால் கம்பி அறும், ஓடியவன் போய்ச் சேரமாட்டான். அவருடைய கதையில் எத்தனை செய்திகள் பிந்தி வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஆபத்து, உடனே புறப்படு என்று மந்திரவாதி எழுதிக் கொடுத்த கடிதத்தை ஒரு சத்திரக்காரர் அனுப்ப மறந்து மூன்று மாதம் வைத்திருக்கிறார். மலைக்கு மலை தீ மூட்டிச் செய்தி போகிறது. தூரத்தைக் காட்டும் மாயக் கல் உண்மையைக் காட்டி, அதே உண்மையால் ஏமாற்றுகிறது. வாளைப் பற்றி எவரும் எழுதலாம். செய்தி வந்து சேராத பயத்தை எழுத, கம்பி அறுந்த பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இருட்டோடு தப்படித்துப் பிரட்டுக்கு (காலை வேலைக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு) ஆள் கூப்பிட்ட தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சாவுச் செய்தி சொல்ல ஒருவன் மூன்று மலை ஏறி இறங்கிப் போன காலம் ஒன்று இங்கும் இருந்தது.

வென்ற பிறகும் ஃப்ரோடோ ஏன் சந்தோஷமாக இல்லை?

ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 6 அன்று அவனுக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. அது அவன் தோளில் கத்தி பட்ட நாள். மார்ச் 13 அன்றும் அப்படித்தான். சிலந்தி கொட்டிய நாள். யாரிடமும் சொல்வதில்லை. கடைசியில் கடல் தாண்டிப் போய்விடுகிறான். முதல் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வந்த நடுக்கத்துக்கும் பேச்சிழப்புக்கும் 'ஷெல் ஷாக்' என்று பெயர் வைத்திருந்தார்கள், பலரைக் கோழை என்றும் சொன்னார்கள். டோல்கீன் அந்தப் பெயர் எதையும் எழுதவில்லை. இரண்டு தேதிகளை மட்டும் எழுதினார்.

என் பெரியம்மா ஜூலை மாதம் வந்தால் சந்தைக்குப் போகமாட்டார். 1983 ஜூலைக் கலவரத்தின்போது அவர்கள் இருந்தது பதுளையில். எங்களுக்கு அவர் எதுவும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஃப்ரோடோவின் தேதிகளை வாசித்த அன்றுதான் அவர் நினைவு வந்து, கொஞ்ச நேரம் வாசிப்பை நிறுத்திவிட்டேன்.

டோல்கீன் மட்டும்தானா?

நார்னியாக் கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸ் தன் 19ஆவது பிறந்தநாளில், 1917 நவம்பர் 29 அன்று, போர்முனைக்குப் போய்ச் சேர்ந்தவர். அடுத்த ஏப்ரலில், குறி தவறி விழுந்த தங்கள் தரப்பு ஷெல் ஒன்றாலேயே காயப்பட்டார். செத்துப்போன நண்பன் ஒருவனின் தாயைத் தன் பொறுப்பில் எடுத்து, அந்த அம்மா 1951இல் சாகும்வரை பார்த்துக்கொண்டார். ஆனால் அவருடைய கதைகளில் என் கண்ணில் படுவது அடுத்த போர். லண்டன் குண்டுவீச்சுக்குத் தப்ப, தெரியாத ஒருவர் வீட்டுக்கு அனுப்பப்பட்ட நான்கு பிள்ளைகள் அங்கே ஓர் அலுமாரியின் கதவைத் திறக்கிறார்கள். 1939இல் அப்படி வந்த பிள்ளைகள் லூயிஸ் வீட்டிலேயே தங்கியிருந்தார்கள்.

பின்லாந்து எழுத்தாளர் டூவே யான்சன் சிறுவர்களுக்கான தன் மூமின் கதையை 1939 குளிர்காலத்தில், சோவியத் படை தாக்கிய நாட்களில் தொடங்கினார். முதல் புத்தகம் 1945இல் வந்தது. காணாமல்போன அப்பாவை அம்மாவும் மகனும் வெள்ளத்துக்குள் தேடிக்கொண்டு போகும் கதை. அடுத்ததில் ஒரு வால்நட்சத்திரம் பூமியை நோக்கி வருகிறது. இரண்டும் போர்க்கதை இல்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாசாரம். தமிழில் இல்லையா?

ஐயோ, நம்மிடம் தொள்ளாயிரம் வருடமாக இருக்கிறது! ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியை எடுங்கள். முதல் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற போர்தான் விஷயம். ஆனால் பாதிக் கதை காளி கோவிலிலும் பேய்களிடமும் நடக்கிறது. பசியால் வாடிய பேய்கள் போர்க்களத்துக்கு ஓடி, பிணங்களைக் கொண்டு கூழ் காய்ச்சுகின்றன. விழுந்தவர்களின் பல்தான் அரிசி. வாசித்தால் சிரிப்பும் வரும், வயிற்றையும் பிரட்டும்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஜெயங்கொண்டார் அரசவைப் புலவர். அவருடைய பேய்கள் வென்ற அரசனை வாழ்த்திக்கொண்டு கூழ் குடிக்கின்றன. டோல்கீனின் சதுப்பில் எந்தத் தரப்புப் பிணம் என்றே பிரிக்க முடியாது. ஒன்று மாளிகையிலிருந்து பார்த்த போர், மற்றது குழிக்குள்ளிருந்து பார்த்தது. கவிதை என்று பார்த்தால் பரணி எதற்கும் சளைத்ததல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன்.

டோல்கீனுக்கும் நம் மலைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை. தற்செயல்கள் உண்டு. அவர் பிறந்தது 1892இல் தென்னாபிரிக்காவின் புளூம்ஃபொண்டெய்னில், மூன்று வயதில் தாயோடு இங்கிலாந்து போய்விட்டார். சில வருடங்களில் தென்னாபிரிக்காவில், டச்சு வழிக் குடியேறிகளான போயர்களுக்கும் பிரித்தானியருக்கும் இடையே போயர் யுத்தம் மூண்டது. பிடிபட்ட போயர்களில் சுமார் 5,000 பேரைக் கப்பலில் கொண்டுவந்து அடைத்த இடம் நம் தியத்தலாவை, 1900இல். இன்னொன்று: 1944 ஏப்ரலில் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தார், பேராதனைப் பூங்காவுக்குள் இராணுவக் குடில்கள் முளைத்தன. அதே ஏப்ரலில்தான் ஒக்ஸ்ஃபோர்டில் டோல்கீன் பிணச் சதுப்பு அத்தியாயத்தை எழுதி, விமானப் படைப் பயிற்சிக்குத் தென்னாபிரிக்கா போயிருந்த மகனுக்கு அனுப்பத் தொடங்கினார். சதுப்பைச் சொம் சேற்றில் பார்த்தது 1916இல், எழுதியது 28 வருடம் கழித்து. இன்றைக்கே எழுதியாக வேண்டும் என்று அவசரப்படுகிற பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை அடிக்கடி சொல்வேன்.

இதெல்லாம் நிஜத்திலிருந்து தப்பி ஓடுகிற வேலை என்கிறார்களே?

அவரிடமும் சொன்னார்கள். 1939இல் தேவதைக் கதைகளைப் பற்றி ஆற்றிய உரையில் பதில் சொன்னார்: சிறையில் இருப்பவன் வெளியே போக நினைப்பதையும், போர்க்களத்திலிருந்து சிப்பாய் நழுவி ஓடுவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள் என்று. அதே உரையில், மாயக் கதை மீது தனக்கிருந்த ஆசையை முழுதாக உயிர்பெறச் செய்தது போர்தான் என்றும் சொன்னார்.

நம் மலையில் போரே நடக்கவில்லையே, நாம் எதை எழுதுவது?

நடக்கவில்லை என்று யார் சொன்னது? தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் குடிபெயர்ந்த மலையகக் குடும்பங்கள் எத்தனை? அவர்களுடைய பிள்ளைகள் 2009வரை வடக்கின் உள்நாட்டுப் போருக்குள்தான் இருந்தார்கள். 1983இல் பதுளையிலும் நுவரெலியாவிலும் கடைகள் எரிந்தன. 2000 அக்டோபரில், பண்டாரவளைப் பக்கத்து பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கும்பல் கொன்றது. அதற்கெல்லாம் முந்தி, 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) ஒரு காம்பிராவுக்கு (அறைக்கு) இந்தியா, அடுத்த காம்பிராவுக்கு இலங்கை. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார் போகிற கோச்சியில் (ரயிலில்) ஏறியவர்களை வழியனுப்பியவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள்.

எழுத வருகிற பிள்ளைகள் முதல் பக்கத்திலேயே பறக்கும் நாகம், வாள், தீயசக்தி என்று போட்டுவிடுகிறார்கள். நான் கேட்பது வேறு. செக்பொயின்டில் அப்பா அடையாள அட்டையை நீட்டும்போது கை எப்படி இருந்தது? போனவர்கள் விட்டுப்போன நாய் எந்த இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) போய்ப் படுத்தது? இதைக் கண்டுபிடித்த பிறகு நாகம் வரட்டும், பறக்கட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை.

இந்த வருடம் ஒரு பிள்ளை எழுதிக்கொண்டு வந்தாள். கோச்சி ஏறிப் போன குடும்பங்களுக்கு இன்னமும் கடிதம் கொண்டுவருகிற ஒரு தபால்காரன். ஆள் எப்போதோ செத்துவிட்டான். மார்கழிப் பனியில் மட்டும் தெரிவான், பூட்டிய காம்பிராக்களின் கதவைத் தட்டுவான், திறக்காவிட்டால் தண்ணீர்ப் பீலிக்கரையில் உட்கார்ந்து கடிதங்களைத் தானே சத்தமாக வாசிப்பான். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ஆயாவிடம் கேட்டுவிட்டு வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.